கையால் மிதிக்கும் கிளட்ச்

மழை விட்டிருந்த ஒரு காலை. மலாக்காவின் காஜா பேராங்கிலிருந்து டவுனில் இருக்கும் ஆபீசுக்குப் பெச்சாவில், அதாவது சைக்கிள் ரிக்ஷாவில், போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெச்சாவில் மிதிப்பவர் ஒரு பக்கம், ஏறியவர் ஒரு பக்கம். தோளோடு தோள் உரசிக்கொண்டு ஊர்வம்பு பேசியபடியே போகலாம். அன்று அந்தச் சீனக் கிழவர் பேசவில்லை. வாயில் பற்றவைக்காத சுருட்டு இருந்தது. முச்சந்திக்கு முன்னால், சரிவில், ஒரு லாரி குறுக்கே நின்று சாக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பிடியை ஒரே இழுப்பாக இழுத்து, அதை ஒரு பல்லில் மாட்டினார். வண்டி சரிவிலேயே நின்றது. பிறகு இரண்டு கையையும் விட்டுவிட்டு, காற்றுக்கு மறைத்து, நிதானமாகச் சுருட்டைப் பற்றவைத்தார்.

நான் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இழுக்கிறது. பல் பிடித்துக்கொள்கிறது. கை வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

"இன்னொரு தடவை இழுங்கள்," என்று மலாயில் கேட்டேன்.

"காலையிலேயே குடித்துவிட்டாயா?" என்றார் அவர். ஆனால் இழுத்துக் காட்டினார்.

அன்று ஆபீசில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. மையொற்றும் தாளின் பின்பக்கத்தில் ஒரு கிளட்ச் மிதி, ஒரு கம்பி, ஒரு பல் என்று வரைந்துகொண்டே இருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் என் இடது காலைத் தொட்டுவிட்டுப் போனது. வலது கால் குதிரை மாதிரி. இடது கால் விருந்தாளி. கூட வரும், வேலை செய்யாது. காருக்கோ மூன்று மிதி. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். கியர் மாற்றும்போதெல்லாம் அழுத்திப் பிடித்து, பிறகு மெல்ல விட வேண்டிய கிளட்ச் இருக்கிறதே, அது இடது காலின் வேலை. அந்த ஒரு மிதிக்காக நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

என்னை ஏற்றிக்கொண்டு போக ஊரில் எல்லாரும் தயாராக இருந்தார்கள். அதுதான் தொல்லையே. அப்பாவின் சைக்கிள், பெச்சா, பஸ்ஸில் யாராவது எழுந்து கொடுக்கும் இடம். நாடு மெர்டேக்கா, சுதந்திரம், வாங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கொடி பிடித்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன். நான் மட்டும் அன்றும் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்துதான் வீடு திரும்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் காரை நானே ஓட்ட வேண்டும், சட்டப்படி, என் பேரில்.

மாலையில் மையொற்றும் தாளோடு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் செட்டிக் குடும்பம். காஜா பேராங்கின் செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மலாக்காவில் எங்களுக்கெல்லாம் எத்தனையோ தலைமுறை முன்னால் வந்து தங்கிவிட்டவர்கள். சாமி எங்கள் சாமி, பேச்சு மலாய். அவனுக்குத் தமிழில் திட்டத் தெரியும், சாமி பேர் தெரியும், அவ்வளவுதான். பள்ளியில் என் பக்கத்து மேசை. நான் கேம்பிரிட்ஜ் சர்ட்டிபிகேட் வாங்கி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனேன்; அவன் பாதியில் விட்டு ஸ்பானர் பிடித்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட அவன் பட்டறையில் எந்நேரமும் ஒரு மோட்டார் சைக்கிள் குடல் சரிந்து கிடக்கும்.

படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"போலே," என்றான். முடியும் என்று அர்த்தம். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான். அவன் சரிசெய்த பிறகு எங்கள் ரேடியோவில் சிங்கப்பூர் மட்டுமே கேட்டது; அதற்கும் முதலில் 'போலே'தான்.

"கார் எங்கே?"

"இல்லை."

"லைசென்ஸ்?"

"இல்லை."

"அலாமா! கம்பி மட்டும் இருக்கிறதா?"

"கம்பியும் உன்னிடம்தான் இருக்கிறது."

அவன் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்த கோழி இறங்கி ஓடியது.

கார் கிடைத்தது ஒரு கோபத்தால். இப்போதுதான் ஜப்பான் கார்கள் எங்கள் சாலைகளில் ஒன்றிரண்டாகத் தென்பட ஆரம்பித்திருக்கின்றன. ஆங்கிலேயக் காரில் பாதி விலை. பிஸ்கட் டின்னை நசுக்கிச் செய்தது என்று ஊர் சிரித்தது. தெங்கேராவில் ஒரு சீன முதலாளி வாங்கி வந்த சின்ன வெளிர்நீலக் காரில் அவருடைய அம்மா ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். ஜப்பான்காரன் ஆண்டபோது அந்தம்மா இழந்தது என்ன என்று யாரும் கேட்கத் தேவையில்லை. காரை வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது என்றாராம். வாங்கிய வருடத்திலேயே முதலாளி அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். என் சேமிப்புக்கு எட்டுகிற விலை.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி இருந்தது. அப்பா, ஜப்பான்காரர்களால் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பி வந்தவர்களில் ஒருவர். நண்பன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா சுற்றி வந்து பார்த்தார். பானெட்டை விரல் முட்டியால் தட்டினார்.

"இவனுங்க இரும்பு நல்ல இரும்புதான்," என்றார். உள்ளே ஏறவில்லை. மறுநாள் நான் எழுந்தபோது கார் கழுவித் துடைத்து நின்றது. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். ஏறச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் கிடையாது. ரோட் டேக்ஸ் இல்லாத கார் வெறும் கோழிக் கூண்டு. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய், கடையின் ஒரு மூலையில் மேசை போட்டு இன்சூரன்ஸ் ஏஜென்சியும் நடத்தி வந்தார். கைலித் துணிகளின் வாசனைக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.

"வாங்க தம்பி. யாரு ஓட்டப் போறது?"

"நான்தான் பாய்."

என் ஊன்றுகோலைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்கே பரிதாபமாக இருந்தது.

"வயசு?"

"இருபத்தொண்ணு."

"அதுவே ஒரு குத்தம். இருபத்தஞ்சுக்குக் கீழ இருக்குறவன் எல்லாம் மரத்துல மோதவே பொறந்தவன்னு கம்பெனி நெனைக்குது. கார்?"

"ஜப்பான்."

"ரெண்டு. முட்டிக்கிச்சுன்னா கதவு எங்கேருந்து வரும்? கப்பல்ல வரும். சரி, காரு கம்பெனி குடுத்த மாரியே இருக்கா, ஏதாச்சும் மாத்திருக்கியா?"

என்னோடு வந்திருந்த நண்பன் முந்திக்கொண்டு மலாயில் ஆரம்பித்தான். ஸ்ப்ரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தப் போகிறோம். புகைக்குழாய் இரட்டையாக வைக்கப் போகிறோம். முன்னால் மஞ்சள் விளக்கு ஒரு ஜோடி. கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல பாயின் பேனா மேசையை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்தது.

"இவ்வளவுதானா?"

"கிளட்ச்சைக் கையால போடப் போறேன் பாய்," என்றேன். "ஒரு கம்பி வச்சு."

பாய் பேனாவை மூடிவிட்டார். ஒரு சாயா வரவழைத்து என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லு. உனக்கு வேகமா ஓடணுமா, இல்ல ஓடணுமா?"

நான் நண்பனைப் பார்த்தேன். எனக்கும் இரட்டைக் குழாய் சத்தத்தின் மேல் ஆசைதான், பொய் சொல்லமாட்டேன். இரவில் கண்ணை மூடினால் அந்தச் சத்தத்தோடு தெங்கேரா கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருப்பேன்.

"ஓடணும்," என்றேன்.

"அப்ப இவன் சொன்னதெல்லாம் வேணாம். கம்பி மட்டும் கேப்போம். ஒண்ணக் கேட்டா யோசிப்பான். அஞ்சக் கேட்டா துரத்துவான்."

நண்பன் வீடு போய்ச் சேரும் வரை என்னோடு பேசவில்லை.

ஆபீசில் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள். அப்பா பேரில் போட்டுவிடு. ஓட்டுவது அப்பா என்று எழுது. கம்பியைப் பற்றி மூச்சு விடாதே. ஊரில் பாதிப் பையன்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். பாயிடம் கேட்டேன். "முட்டாத வரைக்கும் அது பாலிசி. முட்டுனா மீன் மடிக்கிற பேப்பர்," என்றார். எனக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. பின்சீட்டிலிருந்து எழுந்து, அப்பா பேருக்குப் பின்னால் போய் உட்காரவா இத்தனை பாடு?

இதற்குள் இன்னொரு சிக்கல். லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் சாலையில் பழக வேண்டும். சாலையில் பழக இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியோ, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். நண்பனிடம் லைசென்ஸ் இருந்தது. அவன் மட்டும் ஓட்டலாம் என்று ஒரு தற்காலிகக் கவர் நோட்டு வாங்கித் தந்தார். அவன் காரை புக்கிட் ரம்பாயில் இருக்கும் அவன் மாமாவின் தென்னந்தோப்புக்கு ஓட்டிப் போவான். உள்ளே போனதும் நான் சீட் மாறுவேன். தோப்பு தனியார் நிலம். அங்கே எந்தப் போலீஸும் கிடையாது, எருமைகள்தான்.

கம்பி ஒரு நாளில் வந்துவிடவில்லை. முதலில் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிடியையும் ஒயரையும் மாட்டிப் பார்த்தோம். கார் கிளட்ச்சுக்கு அது எலி இழுக்கும் தேர். என் விரல்கள் சிவந்ததுதான் மிச்சம். பிறகு நீளமான இரும்புக் குழாய். கிளட்ச் மிதியில் அதன் அடியைக் கீல் போட்டு இணைத்து, ஸ்டியரிங் தண்டுக்கு இடதுபுறம் என் கை உயரத்துக்கு மேலே கொண்டுவந்தோம். இடது கையால் முன்னே தள்ளினால் மிதி இறங்கும். முழுதாக இறங்கியதும் ஒரு பல் அதைப் பிடித்துக்கொள்ளும். கை விடுபட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியர் தண்டை மாற்றும். பிறகு கட்டை விரலால் பல்லை விடுவித்து, கம்பியை மெல்லப் பின்னால் வரவிட வேண்டும். மெல்ல என்பதுதான் கஷ்டம். முதல் வாரம் கார் தவளை மாதிரி தாவியது. எருமைகள் தோப்பின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தன. நண்பன் முன்சீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் என் மேல் பிரயோகித்தான்.

பழகப் பழகக் கை கற்றுக்கொண்டது. கிளட்ச் பிடிக்கிற அந்தக் கணத்தில் கம்பியில் ஒரு சின்ன நடுக்கம் வரும். காலால் மிதிப்பவர்களுக்கு அது சப்பாத்துக்கு அடியில் தெரியும். எனக்கு உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு நாள் தோப்பைச் சுற்றி ஒரு குலுக்கல் இல்லாமல் வந்து நிறுத்தினேன். நண்பன் இறங்கிப் போய், ஓர் இளநீர் வெட்டி வந்து, முதல் வாயைத் தானே குடித்துவிட்டுக் கொடுத்தான்.

பாய் கம்பெனிக்கு எழுதி, கேட்டு, திரும்பக் கேட்டு, கடைசியில் கோலாலம்பூரிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார் என்று சொன்னார். "அவரு பாத்து முடியாதுன்னுட்டா அப்பறம் எந்தக் கம்பெனியும் தொடாது. ஒருத்தன் தள்ளுனத இன்னொருத்தன் எடுக்க மாட்டான். தெரிஞ்சுக்க."

அன்று காலை நான் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே அங்கே இருந்தது. நண்பன் விடியற்காலையிலேயே அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, ஓட்டி வந்திருந்தான். தமிழ் தெரியாத அவன்தான் சாமி காரியத்தில் எங்கள் வீட்டைவிடக் கறார். பானெட்டில் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதோடு விட்டிருக்கலாம். கார் முழுக்க ஜப்பானில் செய்தது, கம்பி ஒன்றுதான் நம் கையால் செய்தது, சாமி பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது அவன் கணக்கு. வாழைநாரில் கட்டிய மல்லிகைச் சரத்தை எடுத்துக் கம்பியை மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருந்தான். பார்க்க அழகாக இருந்தது. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. பாய் குடையைப் பிடித்தபடி பின்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து மிதியைப் பார்த்தார், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உதை இழுத்துக் காட்டும் பாப்பம்," என்றார், கம்பியைச் சுட்டி.

தள்ளிக் காட்டினேன். பல் டக்கென்று பிடித்தது.

"ம். ஓட்டும்."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கார் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது கியர். தோப்பின் செம்மண் பாதையில் என் கை இதுவரை செய்யாத அழகோடு வேலை செய்தது. பின்கண்ணாடியில் நண்பன் இரண்டு கையையும் உயர்த்திக் குதிப்பது தெரிந்தது.

"அந்த மேட்டில நடுவில நிப்பாட்டும். நிப்பாட்டிப் போட்டுத் திருப்பி எடும்."

அந்த மேட்டில் நான் நூறு முறை எடுத்திருக்கிறேன். நிறுத்தினேன். கம்பியைத் தள்ளினேன், பல் பிடித்தது. முதல் கியர் போட்டேன். கட்டை விரலால் பல்லை அழுத்தினேன். விடவில்லை. மறுபடி அழுத்தினேன். மல்லிகைச் சரம் தளர்ந்து இறங்கி, நார் பல்லுக்குள் போய்ச் சுருண்டிருந்தது. அதற்குள் என் வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குப் போய்விட்டது. எஞ்சின் கூரை பறக்கக் கத்தியது. கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், குடையோடு பாய்.

காலைத் தூக்கிப் பிரேக்கில் போட்டேன். கார் நின்றது. கைப்பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். தோப்பில் தேங்காய் விழுந்தால் கேட்கும் அமைதி.

"உது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர், பல்லிலிருந்து தொங்கிய மல்லிகையைக் காட்டி.

"பூ, சார்."

"அது தெரியுது. ஏன் பூ?"

நண்பன் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னலில் தலையை நுழைத்தான். மலாயில், தமிழில், சாமி பேரில் என்று எல்லாம் கலந்து என்னென்னவோ சொன்னான். ஸ்க்ரூ டிரைவரால் நாரைக் குத்திக் குத்தி எடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "என் புத்தி, என் புத்தி," என்று தலையில் அடித்துக்கொண்டான். பாய் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். இனி ஒருவரும் தொட மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நண்பன் கையிலிருந்து நாரை வாங்கினார். கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, அதை மறுபடி பல்லுக்குள் அவரே திணித்தார்.

"இப்ப திருப்பியும் செய்யும்."

"சார்?"

"இறுகினா என்ன நடக்குமெண்டு பாத்தனான். நீர் பயத்தில தற்செயலாப் பிரேக் பிடிச்சீரோ, தெரிஞ்சு பிடிச்சீரோ? அதைத்தான் பாக்கவேணும். செய்யும். பாய், நீர் அங்கால போம்."

பாய் குடையை மடித்துக்கொண்டு ஓடிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மறுபடி மேட்டில் எடுத்தேன். மறுபடி இறுகியது, கார் உருளும் முன்பே நிறுத்தினேன். இன்னும் ஒரு முறை. இன்னும் ஒரு முறை. நாலாவது தடவை எனக்கே சலித்துப்போய், அவர் சொல்லும் முன் எஞ்சினையும் அணைத்துவிட்டேன்.

"சரி," என்றார். "கிளட்ச் அமந்தபடி இறுகினா எஞ்சினுக்கும் சுத்துற சில்லுக்கும் தொடுப்பில்லை. பிரேக் கேக்கும். காரியமில்லை. ஆனா மற்றப் பக்கம் யோசிச்சனீரோ? கியர் போட்டபடி நிக்கேக்குள்ள உந்தப் பல்லு தன்பாட்டில வழுக்கிச்சுதெண்டால்?"

நான் யோசித்திருக்கவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கிறேன், முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள், பல் வழுக்குகிறது, கார் பாய்கிறது. தோப்பில் எருமைகளைத் தவிர யாரும் கடக்காததால் அது எங்கள் மூளைக்கு எட்டவே இல்லை. நிழலில் நின்றபடியே நானும் நண்பனும் அதைப் பேச ஆரம்பித்துவிட்டோம். இரண்டாவது பல் ஒன்று, முதலாவதுக்கு எதிர்ப்பக்கம்; ஒன்று வழுக்கினாலும் மற்றது பிடிக்கும். பெரிய ஸ்ப்ரிங். எல்லாவற்றின் மேலும் ஒரு தகரப் பெட்டி, நாரும் பூவும் சட்டைக் கையும் போகாதபடி. செம்மண்ணில் குச்சியால் படம் போட்டு, இன்ஸ்பெக்டர் இருப்பதையே மறந்து சண்டையும் போட்டோம். நிமிர்ந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியைப் போட்டிட்டு பாயிட்டக் காட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்தடுத்த வாரங்களை நான் நகம் கடித்தே கழித்தேன். பெட்டி போட்டோம், பாய் வந்து, தன் கைலி நுனியைக்கூட உள்ளே நுழைத்துப் பார்த்து, திருப்திப்பட்டுப் போனார். பிறகு ஒரு நாள் ஆபீசுக்கே வந்து வாசலில் நின்று கையசைத்தார். போனேன்.

"ஒத்துக்கிட்டான் தம்பி. உம் பேர்ல. இப்பதைக்குப் பழகுற லைசென்சு போதுமாம். நீ மட்டும்தான் ஓட்டலாம், அப்பறம் உங் கூட்டாளி. மோதுனா மொதல் பங்கு செலவு உன் தலையில, அது வயசுக்குத் தண்டன. இன்னொண்ணு. இனிமே ஒரு ஆணி மாத்துனாலும் மொதல்ல சொல்லணுமாம்."

"பூ?"

"பூ கண்ணாடிக்கு மேல கட்டிக்கலாமாம்." பாய் சிரித்தார். "அதையும் கேட்டுட்டேன்."

நான் அப்பாவிடம் சொன்னேன். "உன் பேரு இங்கிலீசுல சரியாப் போட்டுருக்கானான்னு பாரு," என்றார். அன்று இரண்டாம் முறையாகக் காரைக் கழுவினார்.

'எல்' எழுதிய பயிலும் பலகை கட்டிக்கொண்டு, நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதன்முதலாகச் சாலையில் இறங்கிய அந்த மாலையை என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதனால் சொல்லாமலே விடுகிறேன். புக்கிட் பாரு வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒருவரும் எனக்காக எழுந்து இடம் கொடுக்கவில்லை. ஹாரன்தான் அடித்தார்கள்.

லைசென்ஸ் சோதனை போன வாரம் நடந்தது. தோற்றுப்போனேன். கிளட்ச்சில் இல்லை, மேட்டில் இல்லை. பரீட்சகர் மலாய்க்காரர், நல்ல மனிதர். வலப்பக்கம் திரும்பச் சொன்னார். காரில் மினுக்கு விளக்கு இருந்தாலும், சோதனையில் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் சைகை காட்ட வேண்டும். நீட்டினேன். திரும்பும் முன் வேகம் குறைக்கக் கியர் மாற்ற வேண்டும். இடது கை கம்பிக்குப் போனது.

"ஸ்டியரிங்கை யார் பிடித்திருக்கிறார்?" என்று பரீட்சகர் மெதுவாகக் கேட்டார்.

என் வலது முழங்கால் பிடித்திருந்தது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். இறங்கும்போது, "இன்னொரு கை கண்டுபிடித்துக்கொண்டு வா," என்று முதுகில் தட்டினார்.

நண்பன் கேட்டுவிட்டு உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு நாங்கள் இருவரும் பட்டறையில் உட்கார்ந்து, இன்னொரு கையைப் பற்றி உண்மையாகவே யோசித்தோம். எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலால் இயங்கி, பெரிய லாரிகளின் பிரேக்குக்குத் துணைபுரியும் ஒரு தகரக் குடுவை உண்டு. பிரேக்கை அழுத்த உதவுகிற இழுப்பு கிளட்ச்சையும் அழுத்துமல்லவா? கியர் தண்டின் தலையில் ஒரு சின்ன விசை. விரல் பட்டால் உறிஞ்சல் கிளட்ச்சை இறக்கும், விரல் எடுத்தால் விடும். கம்பி வேண்டாம். கை ஸ்டியரிங்கை விட்டு அதிக நேரம் போகவும் வேண்டாம். மெல்ல விடுவதற்கு மட்டும் குழாயில் ஒரு சிறு துவாரம் வேண்டும். எவ்வளவு சிறியது என்பதுதான் எங்கள் சண்டை. அவன் பென்சில் கனம் என்கிறான். நான் ஊசி கனம் என்கிறேன்.

தெங்கேராவில் பழைய இரும்புக் கடையில் கவிழ்ந்து நொறுங்கிய லாரி ஒன்று கிடக்கிறது; குடுவை நசுங்கவில்லை என்று நண்பன் பார்த்துவிட்டு வந்தான். நாளை காலை முதலில் பாயிடம் போய்ச் சொல்லப்போகிறேன். அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்கு இப்போதே தெரியும். அவர் கேட்டு எழுதட்டும். சனிக்கிழமை குடுவையைக் கழற்றி வருவோம். காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, சக்கரம் தரையில் படாமல் சுழலவிட்டு, முதலில் ஊசி கனத் துவாரத்தை வைத்துப் பார்ப்போம். அது பிடிக்காவிட்டால், பென்சில்.